எட்டு எலும்பும் ஒரு வீடியோ காலும்

ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு மதியம். என் கணவர் எனக்கு வீடியோ கால் செய்தார் — எங்கள் படுக்கையறையிலிருந்து.

நான் ஹாலில் இருந்தேன். நடுவில் ஒரு கதவு. அவ்வளவுதான் தூரம்.

"சோறுண்றீங்ளா அம்மிணி?" என்று திரையில் கேட்டார். அதே குரல் கதவு வழியாகவும் வந்தது, ஒரு நொடி முந்திக்கொண்டு. என் மகள் இனியா திரையைப் பார்த்துச் சிரித்து வாயைத் திறந்தாள். நான் பருப்புச் சாதத்தை உள்ளே வைத்தேன். மென்றாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள்.

பெற்ற அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் அவர் படத்தைக் காட்டி மகளுக்குச் சோறு ஊட்டும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சூலூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள்… காட்டுகிறேன்.

நடந்தது இதுதான். என் கணவர் பிரபு, நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கும் இன்ஜினீயர். போன வருடக் கடைசியில் துருக்கிக்குப் போனார். பத்து மாதம். அங்கே காலை டீ இடைவேளை வரும்போது இங்கே இனியாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் அந்தப் பத்து நிமிடம் கூப்பிடுவார். திரையில் அப்பா முகம் வந்தால் இவள் வாய் திறக்கும். வராவிட்டால் திறக்காது. நானும் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு கிண்ணம் சோறு உள்ளே போனால் போதாதா ஒரு அம்மாவுக்கு?

குழந்தைக்குப் போனைக் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள் என்று இதே பக்கத்தில் ஒரு வாரம் எழுதினேனே… ஞாபகம் இருக்கிறதா? எழுதி முடித்துவிட்டு எழுந்து போய், போனைக் காட்டித்தான் ஊட்டினேன். இன்று ஒப்புக்கொள்கிறேன்.

புரட்டாசி பிறந்த கையோடு அவர் வந்து சேர்ந்தார். இரண்டே கால் வயது மகள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று ஏர்போர்ட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவள் என் துப்பட்டாவுக்குள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் கிட்டே போகவில்லை. எங்கள் தெருவில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர் எல்லாரும் இவளுக்கு ‘மாமா’. வீட்டுக்குள் புதிதாக வந்திருப்பவரும் மாமா.

போனில் இருப்பவர் மட்டும் ‘ப்பா’.

"என்ற மக எனக்கு மாமா முறை வெச்சுப் போட்டாளே கண்ணு" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறையில் ரொம்ப நேரம் நின்றார்.

மதியம் அவள் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவரே எழுந்தார். "நான் உள்ள போயி கூப்படறேன். நீ எடு" என்றார். அப்படித்தான் தொடங்கியது, கதவு தாண்டிய அந்த வெளிநாட்டு அழைப்பு.

தை வரைக்கும்தான் அவருக்கு இங்கே வேலை. அப்புறம் மறுபடி போக வேண்டும். அதற்குள் இவளுக்கு அவர் யாரென்று தெரிந்தாக வேண்டும். தெரியாமலே போய்விட்டால்? அடுத்த தடவை திரும்பி வரும்போது இவளுக்கு மூன்றரை வயது இருக்கும். அப்போதும் மாமாவா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆட்டு விலாவைப் பற்றிக் கனவு காண ஆரம்பித்தேன்.

காரணம் உண்டு. துருக்கியிலிருந்து பேசும்போது அவர் அடிக்கடி ஒரு சாப்பாட்டைச் சொல்வார். ஆட்டின் விலா எலும்புகளை வெட்டாமல், ஒரே பாளமாக ஓவனில் வைத்துச் சுட்டது. "எட்டு எலும்பு வரிசையா நிக்கும் கண்ணு. சீப்பாட்டம். ஆளுக்கு ஒண்ணு உருவி, எலும்பைக் கையில புடிச்சுட்டே திங்கறது. கறி வெண்ணெயாட்டம் போகும்…" என்பார். சொல்லும்போது அவர் கண் திரையில் இருக்காது. எங்கேயோ பக்கவாட்டில் இருக்கும்.

ஒரு மனிதருக்குப் பத்து மாதத்தில் ஒன்று அவ்வளவு பிடித்திருக்கிறது. அதை வீட்டில் செய்து, மேசை நடுவில் வைத்து, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தால்? போன் இல்லாமல்? ஆளுக்கு ஒரு எலும்பு உருவினால்?

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. அதனால் கனவு காண முப்பது நாள் கிடைத்தது. துணி மடிக்கும்போது அந்தத் தட்டு வந்தது. இனியாவைத் தூங்க வைக்கும்போது வந்தது. வெள்ளைத் தட்டு, எட்டு வெள்ளை எலும்பு, ஜன்னல் வழியாக ஐப்பசி வெளிச்சம். அவர் கத்தியால் பிரிக்கிறார். ஒரு சின்னக் கை நீளுகிறது… கனவில் எப்போதும் அந்தக் கை நீளும் இடத்தோடு நின்றுவிடும். வாங்கினாளா இல்லையா என்று எனக்கே தெரியாது.

கனவு சரி. விலா எங்கே கிடைக்கும்?

மெயின் ரோட்டில் ரஹீம் பாய் கடை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது சாப்ஸும்மா. வெட்டாம வெச்சிருக்காங்க. ஏன், கத்தி இல்லையா அவங்களுக்கு?"

"இப்படியே முழுசா வேணும் பாய்."

"முழுசா என்ன பண்ணுவீங்க?"

"ஓவன்ல வெப்பேன்."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செம்மறிக் குட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். வெள்ளாட்டுக்கு முதுகில் கொழுப்புக் கம்மி, ஓவன் சூட்டில் விறகாகிவிடும். கறி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சள் ஏறியிருந்தால் ஆட்டுக்கு வயதாகிவிட்டது. எல்லாம் நான் வீடியோக்களில் பார்த்துக் குறித்து வைத்திருந்ததுதான். இருந்தாலும் இன்னொரு தடவை எழுதிக்கொண்டேன். நான் அப்படித்தான்.

"ஆனா புரட்டாசி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை, ஒரு பக்க விலாவையே உங்களுக்கு எடுத்து வெச்சா, நெஞ்செலும்பு கேட்டு நிக்கிற சனம் என்னைய சும்மா விடுமா? உங்க லேஅவுட்டுல கூறு போடுவீங்கல்ல. அவங்களைக் கேளுங்க."

கூறு — தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் லேஅவுட்டில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு எடுப்போம். பாய் வந்து வெட்டி, வாழையிலையில் ஐந்து கூறாக வைப்பார். ஒவ்வொரு கூறிலும் எல்லாமும் இருக்கும்: கொஞ்சம் ஈரல், கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, கொஞ்சம் கொழுப்பு. யாரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவர் கூறைப் பார்க்காமல் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். முடிந்தது. அதில் ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கூறில் போய், ஒரு பக்க விலாவை முழுசாக எனக்குக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? மற்ற நாலு வீட்டுப் பங்கை அல்லவா கேட்கிறேன்?

இரண்டு நாள் யோசித்தேன். லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று தடவை டைப் செய்து அழித்தேன். கடைசியில் எதிர் வீட்டுச் செல்வியக்காவிடம் நேரில் போனேன். கூறு விவகாரம் முழுக்க அவர் கையில்தான்.

"ஈரல் வேண்டாமுங்க்கா. தொடையும் வேண்டாம். கொழுப்பும் நீங்களே எடுத்துக்கோங்க. விலா மட்டும்…"

"அட, செம்மறியா?" செல்வியக்கா மூக்கைச் சுருக்கினார். "நம்ம எப்பவும் வெள்ளாட்டுக் கெடாய்தானே எடுக்கறது? செம்மறி கவுச்சி அடிக்குமே கண்ணு."

"குட்டின்னா அடிக்காதாமுங்க்கா."

"ஆரு சொன்னது?"

"…வீடியோவுல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் திடீர்னு இந்த வெலா?"

சொல்லக் கூடாது என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன். கதவு, போன், மாமா… எல்லாம். செல்வியக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு போனை எடுத்து, லேஅவுட் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த வாரம் செம்மறிக் குட்டி. பெருந்துறையில எங்கண்ணன் தோட்டத்துல இருந்து வருது. ஒரு பக்க வெலா அப்படியே இனியா ஊட்டுக்கு. மாப்ள பத்து மாசங்கழிச்சு வந்திருக்காப்ல, சொந்த ஊட்டுலயே விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் உக்காந்திருக்காரு. ஆருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிப் போடுங்க. ஞாயித்துக்கெழமை வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது."

பதில்கள் வந்தன. ஒரு கட்டை விரல். இன்னொரு கட்டை விரல். கடைசி வீட்டு அண்ணன் மட்டும் வாய்ஸ் போட்டார்: "நமக்கொண்ணும் இல்லீங்க. ஆனா எனக்குச் சளி புடிச்சுக் கெடக்குது. நெஞ்செலும்புச் சாறு குடிச்சாத்தான் எறங்கும். பரவால்லீங்… சளியோடயே இருந்துக்கறேன்."

பின்னால் அவர் மனைவி சிரிக்கும் சத்தம். எனக்கோ தூக்கம் வரவில்லை. ஒருவர் சளியை நீட்டித்துத்தான் என் கனவு நிறைவேற வேண்டுமா?

போன ஞாயிறு. காலையிலிருந்தே தூறல். பக்கத்துத் தெருவில் தறிகளுக்கு விடுமுறை. அந்தச் சத்தம் இல்லாத காலையில், லேஅவுட்டே இன்னும் முழுதாக விழிக்காத மாதிரி இருந்தது. செல்வியக்கா வீட்டுக் கார் ஷெட்டில் தார்ப்பாய் விரித்து, ரஹீம் பாய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

விலாவை எடுத்தார். நான் முப்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே பாளம். கொழுப்பு வெள்ளை. கறி இளஞ்சிவப்பு. முதுகுத்தண்டை ஓரமாகக் கொத்தி எடுத்துவிட்டார். எட்டு எலும்பு, சீப்பு மாதிரி.

"பாப்பாவுக்கா இது?" என்று இனியாவைப் பார்த்துச் சிரித்தார் பாய். "கடிக்கப் பல்லு இருக்கா, காட்டு பாக்கலாம்…"

இனியா பல்லைக் காட்டினாள். எல்லாரும் அவளைப் பார்த்தோம். பாயும் பார்த்தார். அவர் கை பார்க்கவில்லை.

டக்.

ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் கத்தி இறங்கி, கட்டையில் நின்றது.

தூறல் மட்டும் கேட்டது.

"அடடா… கை போயிருச்சும்மா." பாயின் முகம் விழுந்துவிட்டது. "எத்தனை வருசமா வெட்டற கை. எதையும் முழுசா விட்டுப் பழக்கமில்ல…"

"போகட்டும் உடுங்க பாய்" என்றேன். வாய் சொன்னது. ஐந்து ஒரு துண்டு, மூன்று ஒரு துண்டு என்று இலையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, எனக்கு அழுகை வந்தது. கறிக்காக அழுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் சமையலறை ஒரு விசித்திரமான இடம். கையில் கத்தி வந்ததும் மனம் அடங்கிவிடுகிறது.

எலும்பின் நுனியிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்குச் சதையை வழித்து எடுக்க வேண்டும். பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அது. சின்னக் கத்தியால் சுரண்டி, பழைய வேட்டித் துணியால் இழுத்துத் துடைத்தேன். ஒவ்வொரு எலும்பாக வெள்ளையானது. நுனியில் பிசிறு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். அவள் வாயில் குத்திவிட்டால்? மூன்றாம் தடவையும் ஓட்டினேன்.

ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் நனைந்துகொண்டிருந்தன. ஹாலில் பந்து உருளும் சத்தம். "அம்மிணி, அப்பாகிட்ட போடுங்" என்கிறார் அவர். பந்து வேறு பக்கம் உருளுகிறது. "சரி… மாமாகிட்ட போடுங்." பந்து வந்தது. அவர் சிரித்தார். நான் சுரண்டுவதை நிறுத்தினேன்… மறுபடி சுரண்டினேன்.

மசாலா பெரிதாக ஒன்றுமில்லை. மிளகையும் மல்லி விதையையும் ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, கல்லுப்பு, செக்குக் கடலை எண்ணெய் சேர்த்துத் தடவி, ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு இரும்புச் சட்டியைப் புகையக் காயவைத்து, கொழுப்புப் பக்கத்தைக் கவிழ்த்தேன். அந்தச் சத்தமும் வாசனையும் எழுந்தபோது ஹாலில் பந்து நின்றது.

எங்கள் வீட்டு ஓவனை உங்களுக்குத் தெரியும் — கேக் நடுவில் கிணறு வெட்டியது என்று இங்கேயே எழுதினேனே, அதே ஓவன். எலும்பு நுனிகள் மேல் கம்பியைத் தொட்டன. ஃபாயில் சுற்றினேன். ஐந்தை முன்னால் வைத்தேன். மூன்றுக்கு இடமில்லை, பின்னால், சூடு அதிகம் அடிக்கும் மூலையில் தள்ளினேன். நடுக்கறி இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று எல்லா வீடியோவும் சொன்னது. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்க அவர்களிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது. என்னிடம் இருந்தது இனியாவின் காய்ச்சல் தெர்மாமீட்டர். ஒரு கணம் அதைப் பார்த்தேன்… எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எடுத்த பிறகு பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். கறி ஓய்வெடுக்குமாம். அந்தப் பத்து நிமிடம் நானும் ஸ்டூலில் உட்கார்ந்து, தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் வந்த தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். கனவில் வந்த வெளிச்சம் ஜன்னலில் இருந்தது. இரண்டு போனையும் சைலன்ட்டில் போட்டு, என்னுடையதைக் கவிழ்த்து வைத்தேன்.

மேசைக்குக் கொண்டுபோனேன். ஐந்து எலும்பு நின்றன. பக்கத்தில் மூன்று, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சாய்ந்து.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க… இப்படித்தானே இருந்துச்சு?"

கத்தியை எடுத்து ஐந்தை நடுவில் பிரித்தார். உள்ளே ரோஜா நிறம். இளஞ்சிவப்பு நீர் தட்டில் ஓடியது. குக்கரில் ஐந்து விசில் விட்ட கறி தின்று வளர்ந்தவள் நான். இதைக் குழந்தைக்குக் கொடுப்பதா?

"வேகலைங்களா? இல்ல, அங்கயும் இப்படித்தான் இருக்குமா? சொல்லுங், அங்க எப்படி இருந்துச்சு?"

"எனக்கெப்படிக் கண்ணு தெரியும்?"

"என்னங்க சொல்றீங்க? நீங்கதானே…"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நான் அதைத் தின்னதே இல்ல."

தூறல் நின்றிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்.

"என்ற ரூமுக்குக் கீழ ஒரு ஓட்டல். ரோட்டப் பாத்தாப்ல பெரிய கண்ணாடி. ஞாயித்துக்கெழமையானா குடும்பம் குடும்பமா வருவாங்க. நடுவுல இதைக் கொண்டாந்து வெப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு உருவுவாங்க. நான் சாயங்காலம் நடக்கப் போகையில நின்னு பாப்பேன்…"

"உள்ள போயிருக்கலாமில்லீங்க?"

"எட்டு எலும்பு கண்ணு. ஒத்தையா உக்காந்து என்ன பண்றது?"

"வெண்ணெயாட்டம் இருக்கும்னு சொன்னீங்களே?"

"பாக்கறதுக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "போன்ல தெனமும் என்ன பேசறது? இங்க நல்லா இருக்கேன்னே எத்தனை நாளைக்குச் சொல்றது?"

முப்பது நாள் நான் கண்ட கனவுக்கும், பத்து மாதம் அவர் கண்ட கனவுக்கும் நடுவில் அந்தக் கறி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதைத் தின்றதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் எதற்கு இவ்வளவு பயம்?

ஐந்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்றைப் பிரித்தேன். சூட்டு மூலையில் கிடந்ததால் நன்றாக வெந்திருந்தது. ஆளுக்கு ஒன்று. முதல் துணுக்கைப் பிய்த்து ஊதி, இனியாவிடம் நீட்டினேன். அவள் உதட்டை இறுக்கினாள்.

"ஆ…"

இறுக்கம்.

"அப்பா சாப்புடறாரு பாருங்…"

அவள் கவிழ்த்து வைத்த போனைப் பார்த்தாள். "ப்பா?" என்று அதைக் கேட்டாள். அப்புறம் அழுதாள்.

அவர் எழுந்தார். கோபமில்லை. பழகிய வேலைக்குப் போகிற மாதிரி எழுந்தார். "நான் உள்ள போயி கூப்படறேன். ஆறிப் போகுது பாரு."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? இன்றைக்கு ஒரு நாளாவது? பட்டினி போடுவதா, பழக்கத்தை விடுவதா? நான் யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. போன் வெளிச்சம் விட்டது. எடுத்து, தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தேன்.

"சோறுண்றீங்ளா அம்மிணி?"

அழுகை நின்றது. "ப்பா!"

துணுக்கை எடுத்தேன். அவள் என் கையைத் தள்ளினாள். தட்டிலிருந்த எலும்பை, நான் சுரண்டி வெள்ளையாக்கிய அந்தக் கைப்பிடியில், இரண்டு கையாலும் பிடித்தாள். சரியாகப் பிடிபட்டது. தூக்கினாள். கடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அதைத் திரைக்கு நீட்டினாள்.

"ப்பா… ஆ."

பத்து மாதம் நாங்கள் அவளுக்குச் சொன்ன அதே ‘ஆ’.

திரையில் அவர் தன்னை அறியாமல் வாயைத் திறந்தார். கறி கண்ணாடியில் போய் ஒட்டியது. அவர் முகத்தின் மேல் எண்ணெய் பரவியது. இனியா எலும்பை இழுத்துப் பார்த்தாள். கடிபடவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி பார்த்தாள். பிறகு போனைச் சாய்த்து, அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அங்கே யாருமில்லை. ஜாடிதான் இருந்தது.

"ப்பா தின்லே" என்று என்னிடம் புகார் சொன்னாள். உதடு பிதுங்கியது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் வந்தது. "அப்பாக்கு இங்க ஊட்டுங் அம்மிணி. அப்பா இங்க இருக்கறேன்."

கதவு வழியாக முதலில். போன் வழியாக அப்புறம்.

இனியா கதவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி கதவு. அவள் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினாள். எலும்பை விடாமல் நடந்தாள். தரையெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. கை இரண்டும் எலும்பில் இருந்ததால், கதவைத் தலையால் முட்டித் திறந்தாள்.

பின்னால் போகலாமா? எலும்போடு விழுந்துவிட்டால்? போனால் பயந்து திரும்பிவிட்டால்? பாதி எழுந்தேன். பாதி உட்கார்ந்தேன். ஜாடியில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தேன்.

எண்ணெய்க் கறைக்குப் பின்னால், மங்கலாக, எங்கள் படுக்கையறை தெரிந்தது. அவர் தாடை. அவர் தோள். கீழ் ஓரத்திலிருந்து முதலில் ஒரு எலும்பு வந்தது. அப்புறம் இரண்டு சின்னக் கை. அப்புறம் மஞ்சள் ஹேர் கிளிப்.

"ஆ" என்றாள்.

அவர் கடித்தார். மென்றார். அவள் எலும்பைத் திருப்பிப் பார்த்தாள். கடிபட்டிருந்தது. அந்த இடத்திலேயே தானும் ஒரு கடி கடித்தாள்.

"ப்பா" என்றாள், வாய் நிறையக் கறியோடு.

அது எனக்கு இரண்டு தடவை கேட்டது. கதவு வழியாக ஒரு நொடி முந்தி.

அந்த ஐந்து எலும்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டேன். சாறை நாலு வீட்டுக்கும் ஒவ்வொரு கிண்ணம் கொடுத்தேன். கடைசி வீட்டு அண்ணனுக்கு மட்டும் இரண்டு. சளி எறங்கிப் போச்சுங்க என்று வாய்ஸ் வந்தது. ரஹீம் பாயிடமும் சொன்னேன், கை போனதே நல்லதாய்ப் போயிற்று என்று. அவர் நம்பவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று எழுதினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். அந்தத் திங்கட்கிழமை மதியமே இனியா போனைக் காட்டி அழுதாள். அவரும் எழுந்து உள்ளே போய்க் கூப்பிட்டார்.

கதவை மட்டும் சாத்தவில்லை.